கைராசிக்காரர்

உங்கள் பழைய டீசல் வண்டி ஏற்காடு ஏறும்போது பாதி வழியிலேயே முதல் கியருக்கு இறங்கிவிடுகிறதா? சேலத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விடுங்கள். பானெட்டைத் திறக்கும் சிரமம்கூட அவருக்கு வேண்டாம். சாவி கைக்கு வருவதற்குள் "டர்போ போச்சு சார்" என்று சொல்லிவிடுவார். அந்த ஞானதிருஷ்டி எல்லோருக்கும் வாய்க்காது.

மற்ற பட்டறைகளில் கேள்வி கேட்டே உயிரை எடுப்பார்கள். புகை கறுப்பா, நீலமா? கறுப்பென்றால் டீசலுக்கேற்ற காற்று போகவில்லை என்று ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ், திறந்தபடியே சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு என ஒவ்வொன்றாகத் தடவுவார்கள். நீலமென்றால் ஆயில் எரிகிறது என்பார்கள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாவிட்டால் இன்ஜினைத் தொடாமல் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிப்பார்கள். ஸ்கேனரை மாட்டி, ரெயில் பிரஷர் வரவேண்டிய அளவுக்கு வருகிறதா என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கவனிப்பார்கள். அரை நாள் போய்விடும். அண்ணன் நம் நேரத்தின் அருமை தெரிந்தவர்.

தாராள மனசு வேறு. நம் வண்டிக்கு டர்போ மாற்றியும் பிக்கப் வரவில்லை. முகம் சுளிக்காமல் நாலு இன்ஜெக்டரையும் மாற்றினார். எந்த இன்ஜெக்டர் ரிட்டர்னில் அதிகம் விடுகிறது என்று அளந்து பார்ப்பதெல்லாம் கஞ்சர்கள் வேலை. ஒன்றை மாற்றி மூன்றை விட்டால் ஓரவஞ்சனை ஆகாதா? அடுத்து ஹை பிரஷர் பம்ப். கழற்றிய பழைய சாமான்களைச் சுமக்கும் பாரத்தைக்கூட நமக்கு வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார்.

வேக்குவத்தால் கட்டுப்படுத்தப்படும் டர்போவாக இருந்தால், அதற்குப் போகும் ஒல்லி ரப்பர் ஹோஸ் வெடித்தாலே பூஸ்ட் வராது, ஈ.சி.யூ. சுதாரித்து, இன்ஜினை அடக்கி, வண்டியை லிம்ப் மோடில் தள்ளிவிடும். அந்த ஹோஸின் விலை ஒரு பிரியாணிக்குக் காணாது. இப்படிப்பட்ட அற்ப சாமானிலா அண்ணன் கண் போகும்?

இப்போது நம் கஷ்டம் பொறுக்காமல், "வண்டியை வித்துடுங்க சார், என் மச்சானே எடுத்துக்குவான்" என்கிறார். புது டர்போ, புது இன்ஜெக்டர், புது பம்ப் எல்லாம் போட்ட வண்டியை, ஓடாத வண்டியின் விலைக்கு ஏற்றுக்கொள்ள முன்வரும் குடும்பம் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்?