ஷீட்டுக்குத் தெர்மாமீட்டர், வீட்டுக்கு மூக்கு

மருமகள் வாங்கிய புது கேஸ் அடுப்போடு ஒரு கையேடு வந்தது. மேலே ஐந்து பர்னர், கீழே இரண்டு ஓவன். இறக்கிவிட்டுப் போன லாரிக்காரர் பெட்டியையும் அட்டையையும் வாரியபோது கையேடும் குப்பைக்குப் போகப் பார்த்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு அச்சடித்த தாளைக் குப்பையில் பார்க்க மனம் வருமா? எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான். அந்த அடுப்பைத் தொட அனுமதி இல்லாத ஒரே ஆளும் நான்தான்.

செய்யக்கூடாதவை மட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. கண்ணாடி மூடி மூடியிருக்கும்போது பற்றவைக்கக்கூடாது; கண்ணாடி சிதறிவிடும். ஓவனைப் பற்றவைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். 15 விநாடிக்குள் பிடிக்கவில்லையென்றால் திருகை மூடிவிட்டு, கதவைத் திறந்தபடியே ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் மறுபடி முயல வேண்டும். திறந்த கதவின்மேல் பிள்ளைகள் ஏறினால் அடுப்பே முன்பக்கம் சாயும். ஓவனின் அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிக்கக்கூடாது. வீட்டைச் சூடாக்க இதைப் பயன்படுத்தக்கூடாது. இந்தக் கடைசி எச்சரிக்கையைச் சுங்கைப் பட்டாணி வெயிலில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன்.

என் அம்மாவின் அடுப்புக்குக் கையேடு கிடையாது. கெடாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். 1960களில் எங்கள் லயத்துக் குசினி என்பது வீட்டுக்குப் பின்னால் இறக்கிய தகரக் கூரை. இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதற்கு மேலே காற்றுதான் சுவர். விறகு, மறுநடவுக்குச் சாய்த்த கிழட்டு ரப்பர் மரம். காய்ந்தால் நன்றாக எரியும். ஆனால் மழை மாதத்தில் எந்த வீட்டு விறகு காய்ந்தது? அம்மா நாலு மணிக்கு எழுந்து, சமைத்துக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஈர விறகைப் பார்த்து உட்கார்ந்திருக்க நேரம் கிடையாது.

அதற்குத்தான் ஒட்டுப்பால். மரத்தின் வெட்டில் காய்ந்து நாடாவாகக் கிடப்பதை ஒரு விரல் நீளம் கிள்ளி, சிம்னி விளக்கில் காட்டி, விறகுக்கடியில் சொருகுவார். அது உருகிக் கறுப்புச் சொட்டாக விழும். விழுந்த இடத்திலும் எரியும். ஈர விறகுக்கு அதைப்போல வேறு மருந்து இல்லை. ஆனால் ஒட்டுப்பாலை வீட்டுக்குக் கொண்டுபோவது திருட்டு. எடைபோட்டு ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு அது. மண்டோர் கண்ணில் பட்டால் வசவு நிச்சயம். மண்டோர் வீட்டு அடுப்பும் அதில்தான் பிடித்தது என்பது லயத்துக்கே தெரியும்.

தோட்டத்தில் நெருப்பைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்று சொன்னால் அது பொய். புகைவீடு இருந்ததே! மிஷினில் உருட்டிய ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகைபோடும் கட்டடம். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஷீட் கொப்புளிக்கும், தரம் இறங்கும், விலை போகாது. தீப்பிடித்தால் எல்லாமே போகும். அதனால் சுவரில் தெர்மாமீட்டர், வாசலில் மணல் வாளி, விறகு தள்ளவும் கண்காணிக்கவும் இரவு முழுக்க ஓர் ஆள். கூப்பிடு தூரத்தில் எங்கள் லயம். பலகைச் சுவர், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். அங்கே தெர்மாமீட்டரும் கிடையாது, மணல் வாளியும் கிடையாது. ஷீட்டுக்கு லண்டனில் விலை இருந்தது. எங்களுக்கு மாற்று ஆள் இருந்தது.

துரை பங்களாவில் ஏற்பாடு வேறு. சமையல்கட்டு வீட்டோடு ஒட்டாது; பின்னால் தள்ளிக் கட்டி, கூரை போட்ட நடையால் இணைத்திருப்பார்கள். புகையும் சூடும் துரையின் படுக்கையறையை எட்டக்கூடாது. நான் முதலில் ஓவன் பார்த்தது அங்கேதான். விறகு எரிக்கும் கனத்த இரும்பு அடுப்பு. அதன் பக்கவாட்டில் கதவு வைத்த பெட்டி.

அதற்காக லயத்தில் கேக் வேகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடமும் இரட்டை நெருப்பு இருந்தது. பெரிய பிஸ்கட் டின்னுக்குள் மணல் பரப்பி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்து மூடி, அடியில் விறகுத் தணல், மூடியின்மேல் தேங்காய்மட்டைக் கங்கு. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெண்கள் பாஹுலு சுடும் பித்தளை அச்சுக்கு மேலும் கீழும் தணல் வைப்பார்கள். அதைப் பார்த்துப் படித்த வித்தை. மேல் கங்கு மிஞ்சினால் தலை கருகும், கீழ்த் தணல் மிஞ்சினால் அடி கருகும். அம்மா உள்ளங்கையை மூடிக்கு மேலே நீட்டி வாய்க்குள் எண்ணுவார். எந்த எண்ணில் கையை இழுத்துக்கொள்கிறாரோ அதுதான் டிகிரி. சரியாக வந்த வருஷங்களும் உண்டு. வராத வருஷத்தில் கருகிய பாகத்தைச் சுரண்டிவிட்டு, உள்பாகத்தைத் துரை வீட்டுக் கேக் என்று பெயர் சொல்லிச் சாப்பிட்டோம்.

இதைப் படித்து ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வராது, வரவும் வேண்டாம். அம்மாவுக்குக் கடைசிவரை இருமல். காலையில் ரப்பர்க் காட்டுப் பனி, வீட்டில் விறகுப் புகை. எது நெஞ்சைக் கெடுத்தது என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் எரித்துச் சமைக்கும் வீடுகளில் அந்தப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த லயத்துக் குசினியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். காற்று.

தோட்டத்தில் முதல் கேஸ் அடுப்பு கிராணி வீட்டுக்கு வந்தது. வேடிக்கை பார்க்கப் போன பெண்கள் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாட்டி கேஸ் தோம்புக்கு விபூதி பூசிவிட்டுத் தள்ளி நின்றார். அம்மா சமைத்து முடித்ததும் தோம்பின் திருகை மூடுவார், அடுப்பின் திருகை மூடுவார், பிறகு மறுபடி தோம்பைப் போய்ப் பார்ப்பார். பயம்தான். அந்தப் பயத்தைத்தான் இப்போது கையேட்டில் ‘பயன்படுத்தாத நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடவும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பிறகு ரப்பர் செம்பனையானது, தோட்டம் கைமாறியது, லயம் காலியானது, நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: பின்வாசலில் இருந்த திறந்த இடத்தைக் கடைசி அடிவரை இழுத்துக் கட்டிக் குசினியாக்கினோம். மூன்று பக்கமும் சுவர். ஜன்னல் என்று பேருக்கு ஒன்று, அதற்கும் கண்ணாடி. மகன் ஏர்கோன் வேறு மாட்டினான். அந்த அறையில்தான் இப்போது ஐந்து பர்னரும் இரண்டு ஓவனும். தீபாவளிக்கு முந்தின இரவு எல்லாம் ஒன்றாக எரியும். குளிர்காற்று வீணாகக்கூடாதென்று கதவையும் சாத்திவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து. யுனிவர்சிட்டி சயின்ஸ் மலேசியா 2009 முதல் அகழ்ந்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் முந்திய இரும்பு உருக்கும் உலைகளை வெளியே கொண்டுவந்த இடம். அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தவை களிமண் ஊதுகுழல்கள். உலைக்குக் காற்று அனுப்பிய குழல்கள். நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பது இந்த மண்ணில் அத்தனை பழைய சங்கதி. கேஸுக்குக் காற்று போதவில்லையென்றால் சரியாக எரியாது. நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று படுக்கப் போகிறவருக்குத் தூக்கம் வருவதாகவே தோன்றும்.

அடுப்பை மாட்ட ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். கடையின் பெயர் வேண்டாம். ரப்பர்க் குழாயை ஓவனின் முதுகில் உரசவிட்டு, சுற்றி வளைத்து, தோம்பை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஓவன் எரியும்போது அதன் முதுகில் கை வைக்க முடியாது. குழாய் மட்டும் எப்படித் தாங்கும்? மகனைக் கேட்டேன்.

“தோம்ப ஏன்டா அலமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்க?”

“வெளிய இருந்தா பார்க்க அசிங்கமா இருக்கும்மா.”

“பயப்படாதீங்க அத்தை,” என்றாள் மருமகள். “இதுல சேஃப்டி இருக்கு. நெருப்பு அணைஞ்சா கேஸ் தானா நின்னுடும்.”

அவள் சொன்னது உண்மை. சுடருக்குள் ஒரு சின்ன உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது சூடாக இருக்கும்வரை கேஸ் வரும், குளிர்ந்தால் நின்றுவிடும். பற்றவைத்ததும் திருகைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்தக் கம்பி சூடேறத்தான். ஆனால் அது தன் சுடரை மட்டும் காக்கும் காவல்காரன். தோம்புக்கும் அடுப்புக்கும் நடுவில் குழாய் வெடித்தால் அதற்குத் தெரியவே தெரியாது. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். லயத்தில் பலகை இடுக்கு வழியாக வெளியே போயிருக்கும். இங்கே அலமாரியின் அடியிலேயே, ஒரு தீப்பொறிக்காகக் காத்துக் கிடக்கும்.

குழாயைப் பற்றி இன்னொன்று. ரப்பர்க் குழாய் என்று சொல்கிறோமே தவிர, பால் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர் இதற்கு உதவாது. இந்த கேஸ் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். எண்ணெயும் கேஸும் தாங்குகிற செயற்கை ரப்பரில் செய்வார்கள். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்தின் குசினியில் ஒரு முழம் குழாய்க்குக்கூட எங்கள் ரப்பர் ஆகவில்லை.

மகனுக்கு வேலை கூலிம் ஹைடெக் பார்க்கில், சிப் செய்யும் ஆலை. அங்கே அபாயமான கேஸ்கள் உண்டு. அதனால் மூலைக்கு மூலை சென்சார். துளி கசிந்தாலும் மணி அடிக்கும், எல்லாரும் வரிசையாக வெளியேற வேண்டும், அதற்கு ஒத்திகைகூட உண்டு என்று பெருமையாகச் சொல்வான். கேட்டுக்கொண்டே அலமாரிக் கதவைப் பார்த்தேன். தாத்தா காலத்தில் ஷீட்டுக்குத் தெர்மாமீட்டர் இருந்தது. பேரன் காலத்தில் சிப்புக்கு சென்சார் இருக்கிறது. வேலை முடிந்து அவர்கள் வந்து தூங்குகிற வீட்டுக்கு அன்றும் மூக்கு, இன்றும் மூக்கு. கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது; மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள மெர்காப்டானைக் கலக்கிறார்கள். வீட்டில் பகல் முழுக்க இருக்கிற மூக்கு என்னுடையது. அதற்கு வயது எழுபதை நெருங்குகிறது.

அடுப்பு மாட்டும் கூத்து எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த தெருவில் ஒருவர் லண்டனிலிருந்து குடும்பத்தோடு திரும்பியபோது அங்கே வாங்கிய இரட்டை ஓவன் அடுப்பையும் கப்பலில் ஏற்றி வந்துவிட்டார். அது குழாய் வழி வரும் இயற்கை வாயுவுக்குச் செய்தது. நம் தோம்பு கேஸை மாட்டியதும் சுடர் மஞ்சளாக எழும்பிக் கரியைக் கக்கியது. உள்ளே இருக்கும் ஜெட்டின் துளை வேறு, அழுத்தம் வேறு. பிரிட்டன் தன் பழைய கேஸிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாறியபோது 1967 முதல் 1977 வரை பத்தாண்டு செலவழித்து, வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 4 கோடி கருவிகளை மாற்றியமைத்தது. நம்மவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். நல்லவேளை, அவர் மனைவி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தெரிந்த ஆளைக் கூப்பிட்டார்.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி கேஸ் குழாய் தீப்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்த வாரம் எங்கள் தாமானில் வேறு பேச்சே இல்லை. சிலாங்கூரிலிருந்து பெர்லிஸ் வரை போகும் குழாய் கெடாவுக்கடியிலும் ஓடுகிறதே, நம் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மகன் கைப்பேசியில் வரைபடம் பார்த்தான். நான் அலமாரிக்குள்ளிருந்த ஒரு கஜக் குழாயைக் காட்டினேன். ஆளைக் கூப்பிட்டு மாற்ற அதற்கப்புறமும் பல வாரம் ஆனது. இப்போது தோம்பு வெளியே, காற்றோட்டத்தில் நிற்கிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

14 கிலோ தோம்பு வீட்டுக்கு 26 வெள்ளி 60 காசு, அரசாங்க மானியத்தில். புதுக் குழாய் ஒரு டின் நெய் விலைகூட வராது. இந்தத் தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைவதற்கு முன்னால் குழாயையும் ரெகுலேட்டரையும் வெளியே இழுத்துப் பாருங்கள். சிரிம் (SIRIM) தர முத்திரை இருக்கிறதா, குழாய் ஓவன் முதுகில் படுகிறதா, வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா? சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் ஊதினால் தோம்பின் திருகை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே போய், அங்கிருந்து 999ஐ அழையுங்கள். ஓவன் எரியும்போது பின்கதவு திறந்தே இருக்கட்டும். ஏர்கோன் ஓடட்டும், கரண்ட் பில்லை மகன் கட்டுவான்.