கொற்கையில நின்னு கப்பல் தேடாத, மருமவனே

ஏ மருமவனே, செல்போனக் கீழ வச்சுட்டு ஒக்காரு. பச்சையும் செவப்புமா ஏறி எறங்குற அந்தக் கோட்டப் பாத்துப் பாத்து ஒங் கண்ணும் அதே நெறத்துக்கு வந்துட்டு. எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் பங்கு, டீயும் வடையும் வாங்குற காசுக்குக் கெடக்காம். வாங்கிப் போட்டா என்னைக்காவது எழும்பிருமான்னு கேக்குத. ஓ.எம்.ஆர். ரோட்டுல ஏசி ரூம்புல வேலை பாக்குறவன், கொற்கையில வாழைக்குத் தண்ணி பாச்சுறவன்கிட்ட வந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் குறி கேக்கான். நாடு முன்னேறிட்டு, போ.

“நம்ம ஊர்க்காரர் கம்பெனிலா மாமா”ன்னு வேற சொல்லுத. சரிதான். சிவ் நாடார் 1945-ல திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில பொறந்தவரு. தினத்தந்தி ஆதித்தனாருக்குக் கூடப்பொறந்தவ மவன். அவரும் ஒரு மருமவன், நீயும் ஒரு மருமவன். மருமவன்ல எத்தன தினுசு பாத்தியா! ஊர்ப்பாசத்துல பங்கு வாங்குறதுன்னா வாங்கிக்கோ. ஆனா கோயில் கொடைக்கு வரி குடுத்த மாதிரி குடுத்துட்டு மறந்துரணும்.

அந்த மனுசன் லேசுப்பட்டவரு இல்ல. டெல்லியில டி.சி.எம். கம்பெனியில பாத்த வேலைய விட்டுட்டுக் கூட்டாளிகளோட கால்குலேட்டர் வித்தாவ. 1976-ல 1,87,000 ரூவாய வச்சு இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ்னு ஆரம்பிச்சாவ, அதான் எச்.சி.எல். உத்தரப் பிரதேச அரசாங்கம் 26 சதவீதப் பங்குக்குச் சேந்துக்கிட்டு. 1978-ல சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் போட்டாச்சு. அந்த வருசந்தான் ஐ.பி.எம். மூட்டைய கட்டுனான். வெளிநாட்டுக்காரன் பங்கு 40 சதவீதத்துக்கு மேல இருக்கப்படாதுன்னு ஜார்ஜ் பெர்னாண்டஸ் மந்திரியா இருந்து சொல்லிப்புட்டாரு. இவிய ஜெயிச்சதுல தெறமையும் உண்டு, எதிராளி ஊர்லயே இல்லங்கிறதும் உண்டு. ரெண்டாவது சங்கதிய எந்தக் கம்பெனியும் பொன்விழா மலர்ல போடாது.

அப்புறம் கதவு தொறந்துச்சு. கம்ப்யூட்டருக்கு எறக்குமதி வரி 1997 ஒப்பந்தத்துல கொறைய ஆரம்பிச்சு, 2005-ல ஒண்ணுமில்லன்னு ஆயிட்டு. டெல், எச்.பி., ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வியாபாரத்தையே வாங்குன சீனாக்காரன் லெனோவோ, எல்லாவனும் சந்தையில வந்து நின்னான். இவியகிட்ட பிஸிபீ, பீன்ஸ்டாக்னு பேரு இருந்துச்சு, புதுச்சேரியில பேக்டரி இருந்துச்சு. பெட்டியத் தொறந்து பாத்தா? மூளை இன்டெல்லுக்காரனது, விண்டோஸ் மைக்ரோசாப்ட்காரனது. மிச்சம் இருக்குறது தகரக் கூடும், திருகாணியும், முன்னால ஒட்டுன பேரும். அந்தத் திருகாணியத்தான் சென்னை ரிச்சி தெருவுல பில்லு கெடயாத பயலுவளும் முடுக்குனானுவ. கிராமத்துப் பிள்ளைய கையில 2011-ல அரசு இலவச மடிக்கணினி வந்தப்ப எச்.சி.எல்.லும் இருந்துச்சு, லெனோவோவும் இருந்துச்சு. எந்தப் பிள்ளையாவது பேரப் பாத்தா வாங்குச்சு? படம் ஓடுதான்னுதான் பாத்துச்சு.

இன்னொண்ணு கேளு. நீ கேக்குற இன்போசிஸ்டம்ஸ் வருசத்துக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல வரவு காட்டுன காலம் உண்டு. வாயப் பொளக்காத. அதுல பெரும்பங்கு நோக்கியா போன வாங்கிக் கடைகடையாப் போட்ட வரவு. ஊரான் மாட்டுப் பாலக் கறந்து வித்துட்டு, எந் தொழுவம் பெரிசுன்னா எப்படி? தடவுற போன் வந்துச்சு, நோக்கியா படுத்துச்சு. ஸ்ரீபெரும்புதூர் பேக்டரியையும் 2014-ல பூட்டியாச்சு. அதுக்கு முந்துன வருசமே இவிய கம்ப்யூட்டர் செய்யுறத நிறுத்திட்டாவ. விப்ரோவும் அதே வருசந்தான் நிறுத்துனான்.

ஒடனே நீ “பெரியவன் சின்னவன மிதிச்சுட்டான்”னு மூக்கச் சிந்தாத. மிதிச்ச கதை பாக்கணும்னா தூத்துக்குடிக்குப் போ. வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி வச்சாரு. கொழும்புக்கு வெள்ளக்காரன் கப்பல் கட்டணத்தக் கொறச்சான், இவரும் கொறச்சாரு. கடைசியில காசே வேண்டாம், ஏறுங்கன்னான். ஏறுனவனுக்குக் குடையும் குடுத்தான். மனுசன் செயிலுக்குப் போயி செக்கிழுத்தாரு. கம்பெனி 1911-ல மூடுச்சு. ‘காலியா’ங்கிற கப்பல அந்த எதிராளிகிட்டயே வித்தாவ. அது மிதிச்சது.

கொற்கைய யாரு மிதிச்சா, சொல்லு பாப்போம்? ஒருத்தனும் மிதிக்கல. கிரேக்கன் கொல்கோய்னு எழுதுன ஊருலே இது. பாண்டியனுக்கு முத்து இங்கன இருந்துதான் போச்சு. தண்டனை வாங்குன கைதியள விட்டு முத்துக் குளிக்க வச்சானுவன்னு அந்தக் காலத்துப் பரதேசி ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். கூலி மிச்சம் பண்ணுற புத்தி நேத்துப் பொறந்தது இல்ல. தாமிரபரணி வண்டலக் கொண்டாந்து கொட்டுச்சு, கடல் ஒதுங்கிட்டு. இப்ப கடலப் பாக்கணும்னா ஆறு கிலோமீட்டர் போல போகணும். என் வாழைக்குக் குழி தோண்டுனா மம்பட்டியில சங்கு துண்டு இடறுது, சிப்பி ஓடு வருது. வன்னி மரம் நிக்கி, அக்காசாலையில கோயில் நிக்கி. வியாபாரி நின்னானா? காயலுக்குப் போயிட்டான். மார்க்கோ போலோ வந்தப்ப காயல்ல கப்பல் நெறஞ்சு கெடந்துச்சாம். அதுவும் தூந்த பொறவு தூத்துக்குடி.

ஒங்க சிவ் நாடாரும் அதைத்தான் செஞ்சாரு. பெட்டி விக்கிற தொறை தூந்துரும்னு தெரிஞ்சோ தெரியாமலோ, 1991-லயே மென்பொருளுங்கிற அடுத்த தொறையில படகக் கட்டிட்டாரு. அந்த எச்.சி.எல். டெக்னாலஜிஸ்ல இன்னைக்கு ரெண்டு லட்சம் பேருக்கு மேல வேலை பாக்காவ. மவ ரோஷினி 2020-ல இருந்து தலைமையில இருக்கா. வியாபாரி எழும்பி ரொம்ப நாளாச்சு, மாப்ள. நீ வாங்கப் போறது வியாபாரிய இல்ல, தொறைய. ரெண்டு கம்பெனி பேர்லயும் எச்.சி.எல்.னு மூணு எழுத்து ஒண்ணா இருக்குன்னு ஏமாந்துராத.

வாய்க்குள்ள முணுமுணுக்காத, கேக்குது. “ஆப்பிள் எழும்பலையா”ங்குத. எழும்புச்சு. 1997-ல நூறு கோடி டாலருக்கு மேல நட்டம். பகையாளி மைக்ரோசாப்ட்கிட்டயே 15 கோடி டாலர் வாங்குனாவ. திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கண்ட கண்ட மாடலையும் வெட்டி நாலே வகை வச்சாரு. பொறவு பாட்டுப் பெட்டி, பொறவு போனு. டெல்லோட விலையில மல்லுக்கு நின்னாரா? இல்ல, வேற கடலுக்குப் போனாரு. போறதுக்குச் சொந்தமா ஒரு மென்பொருளு இருந்துச்சு, அது இல்லாம வேற எதையும் தொடமாட்டேன்னு ஒரு கூட்டமும் இருந்துச்சு. இன்னைக்கு அந்தப் போன ஸ்ரீபெரும்புதூர்ல கோக்குறது நம்ம பொம்பளப் பிள்ளையதான். திருகாணி நமக்கு, லாபம் அவனுக்கு. நாம தொழில் மாத்தல பாத்தியா.

ஒன் இன்போசிஸ்டம்ஸ்கிட்ட சொந்தமா என்ன இருக்குன்னு அதோட ஆண்டறிக்கையப் படிச்சுப் பாரு. புது வியாபாரத்தப் பத்தி எத்தன வரி, பழைய பாக்கியும் வழக்கும் பத்தி எத்தன பக்கம்னு எண்ணு. எண்ணத் தெரியும்லா, இன்ஜினியருலா நீ.

எண்ணி முடிச்சும் கை அரிச்சுதுன்னா, அந்தப் பணத்த எங்கிட்ட குடு. ஆடிக் காத்துக்கு முன்னால வாழைக்குச் சவுக்குக் கம்பு ஊணணும். வட்டி கெடயாது, அறுப்புல ரெண்டு தார் ஒனக்கு. மொதல் எப்ப வரும்னு மட்டும் ஒங்க அம்மை முன்னால கேட்டுராத. அவகிட்ட வாங்குனதே இன்னும் பாக்கி நிக்கி.