எல்லைக்காரர் கடலுக்குப் போகிறார்

கொழிஞ்சாம்பாறையில் ஒருவர், மூணாறில் ஒருவர், குமுளியில் தெருவுக்கு ஒருவர் என்று கேரள எல்லையோரத் தமிழர்களிடையே இவரைத் தாராளமாகப் பார்க்கலாம். வீட்டு வாசலில் நின்றால் தமிழ்நாட்டைப் புகழ்வார். செக்போஸ்டைத் தாண்டினால் கேரளாவைப் புகழ்வார். நிற்கிற மண் மட்டும்தான் மட்டம். உள்ளூர்க் கடையில் "பொன்னி அரிசிச் சோறு மாதிரி வருமா?" என்பவர், மதுரை ஓட்டலில் இலை போட்டதும் "மட்டை அரிசி இல்லையா?" என்று கேட்பார். குமுளி பஸ் ஸ்டாண்டில் தமிழில் அதட்டுவார்; தேனி டீக்கடையில் "சேட்டா, ஒரு சாயா" என்பார்.

அப்படி ஒரு குமுளிக்காரர் சொந்தபந்தத்தோடு வேன் பிடித்து, கம்பம், தேனி, மதுரை என்று ராத்திரி முழுக்க வந்து, ராம்நாட்டில் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் இறங்குகிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்களே, அந்தப் பக்கத்துக் கடல். பவளப்பாறை பார்க்க வனத்துறை ஏற்பாட்டில் கண்ணாடிப் படகு உண்டு.

டிக்கெட் வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "எங்க தேக்கடியில போட்டுக்கு ரெண்டு மாடி. இது என்ன, தொட்டி மாதிரி?" லைஃப் ஜாக்கெட்டின் வார் தொப்பையைச் சுற்றி எட்டவில்லை. அதற்கும் தமிழ்நாடு அரசுதான் பொறுப்பு.

படகு நகர்ந்தது. கண்ணாடியில் முதலில் அவர் முகம்தான் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு கடல்புல் அசைந்தது. அப்புறம், பழுப்பும் மஞ்சளுமாக மான்கொம்புப் பவளம். கிளைக்கு நடுவே விரல் நீள மீன்கள் புகுந்து புறப்பட்டன.

"இது செடியா, கல்லா தம்பி?"

"உயிருண்ணே. சின்னச் சின்னப் பூச்சி. அது கட்டுற சுண்ணாம்புக் கூடுதான் கல்லாத் தெரியுது."

"பார்த்தா செடி, தொட்டா கல்லு, கேட்டா பூச்சிங்கிற. ஏதாவது ஒரு பக்கம் நிக்க வேண்டாமா?"

படகுக்காரத் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "அண்ணனுக்கு எந்த ஊரு? கேரளாவா, தமிழ்நாடா?"

நம்மவர் சட்டென்று குனிந்து மீனை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் அடங்குகிற ஆளா? "என்ன இருந்தாலும் எங்க போட்டுல போனா கரையில யானை நிக்கும். அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்."

"இந்தக் கடல்லயும் ஆவுளியா இருக்குண்ணே. கடல்பசு. லேசுல கண்ணுல படாது. யானைக்குத் தூரத்துச் சொந்தம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க."

"அப்படின்னா எங்க ஊர்ல இருந்து வந்ததுதான்" என்று அதையும் கேரளக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஓரிடத்தில் பவளம் வெளுத்துக் கிடந்தது. பவளத்துக்குள்ளே ஒரு பாசி குடியிருக்கிறதாம். வெயிலில் அது சமைப்பதுதான் பவளத்துக்குப் பெரும்பங்குச் சாப்பாடு. பவளத்தின் நிறமும் அதனால்தான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 2016-ல் இந்தக் கடலில் அப்படி நிறையச் செத்துப்போனது என்று தம்பி சொன்னார்.

நம்மவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்துல இருந்து காலையில ஜீப்புல ஆள் வரும். வரலைன்னா தோட்டம் முதலாளிது, காய் எடுக்க நாதியில்ல. அதே கதைதான்."

அன்றைக்கு அவர் ஒப்பிட்டதிலேயே உருப்படியானது இது ஒன்றுதான். தம்பிகூடத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்மவர் விழுந்துவிட்டார். கரையேறியதும் தம்பிக்குத் தனியாக டீ வாங்கிக் கொடுத்தார். ஏனோ "சாயா" என்று கேட்கவில்லை.

அதோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் எல்லைக்காரரை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த வாரம் விருந்தாளிகளைத் தேக்கடிக்கு அழைத்துப் போனார். இரண்டு மாடிப் படகில் ஏறி, தரையைக் காலால் தட்டிப் பார்த்து ஊழியரிடம் கேட்டார்: "கண்ணாடி இல்லையா? எங்க ராம்நாட்டுல வந்து பாருங்க சாரே!"