ஏழைக் கைவிடுகிறவர்

முந்நூற்று நாலு என்ற கடதாசி ஆட்டம் விளையாட நாலு பேர் வேண்டும். மன்னாரின் அடம்பனில் அந்த நாலு பேரில் ஒருவர் எப்போதும் அவராகத்தான் இருப்பார். காலபோக அறுவடை முடிந்து, நெல்லும் போய், வயலில் மாடுகள் மட்டும் மேயும் பங்குனிப் பின்னேரங்களில் மரநிழலில் ஒரு வெற்று உரப்பை விரிபடும். செத்தவீடு என்றால் அது இரவு முழுக்க விரிந்தே கிடக்கும். மற்ற மூவரும் ஆளாளுக்கு மாறுவார்கள், இவர் மாறமாட்டார். ஜாக்கி கையில் வந்தால் உரப்பை அதிர அடிப்பார். துரும்பு நிறைய வந்தால் கண்ணிமைக்காமல் வெட்டுவார். ஆனால் கழிக்கிற நேரம் வந்துவிட்டால், அதாவது இறங்கிய இனம் கையில் இல்லை, வெட்டத் துரும்பும் இல்லை, எதையாவது ஒன்றை எறிந்தால் போதும் என்று ஆகிவிட்டால், மனிதர் உறைந்துபோவார். ஏழில் விரலை வைப்பார், எடுப்பார். எட்டைப் பாதி உருவுவார், திரும்பச் செருகுவார். ஒருமுறை வானத்தைப் பார்ப்பார், மழை வந்து ஆட்டத்தைக் கலைத்துவிடாதா என்பதுபோல. "கெதியாப் போடுங்கோவன் அண்ணை, விடிஞ்சிடும்" என்பான் எதிர்க்கட்சித் தம்பி. "பொறு" என்பார் இவர். அந்தப் 'பொறு'வில் ஒரு மேல்நீதிமன்றத்தின் கனம் இருக்கும். கையில் இருப்பதோ பூச்சியப் பெறுமதியில் இரண்டு கடதாசி.

இவரைக் கேலி செய்ய ஊராருக்குத் தமிழே உடந்தை. ஏழு என்ற எண்ணோடு 'ஐ' சேர்ந்தால் ஏழை வந்துவிடுகிறான். ஆகவே 'அண்ணை ஏழைக் கைவிடமாட்டார்' என்று சொல்லிவிட்டு நாலு பக்கமும் சிரிக்கலாம். தயங்கி, மெத்தனக்காரர், நேரந்தின்னி என்று வேறு பட்டங்களும் உண்டு. நான் அவர் கட்சி. கழிக்கிற கடதாசிக்காக யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், உரப்பையைச் சுற்றியிருக்கும் நால்வரில் உண்மையாக விளையாடுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கையில் விழுந்ததை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். கட்டில் 32 கடதாசி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. இந்த 304இல் 200ஐ நாலு ஜாக்கியும் நாலு ஒன்பதும் சுருட்டிக்கொள்கின்றன. எஞ்சிய 24 கடதாசிக்கும் 104தான் மிச்சம். ஆக, எந்தக் கையில் ஜாக்கி விழுந்ததோ அந்தக் கை வெல்லும். அதற்குக் கடதாசியைக் கலைத்தவனுக்கு நன்றி சொல்லலாம், விளையாடினவனை மெச்ச என்ன இருக்கிறது? ஜாக்கியை இறக்கி அடிப்பதற்கு வேண்டியது கைப்பலம் மட்டும். இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், அங்கேயும் தெரிவு குறைவு. இனம் கையில் இல்லாத அந்த ஓரிரு தடவைகளில்தான் ஒரு மனிதனுக்கு எதை வேண்டுமானாலும் போடும் சுதந்திரம் கிடைக்கிறது. கிடைத்த சுதந்திரத்தை நாலு செக்கனில் எறிந்துவிடுகிறவனைச் சுறுசுறுப்பானவன் என்கிறோம்.

பூச்சியத்தில் என்ன தெரிவு, இந்த ஏழு போனால் என்ன, அந்த ஏழு போனால் என்ன என்பது முதல் ஆட்சேபம். இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு கையைக் காட்டுகிறேன். ஸ்கோப்பனில் ஒன்பதும் ஏழும் இருக்கின்றன. ஸ்கோப்பன் ஜாக்கி எதிரியிடம். அவன் ஜாக்கியை இறக்கும்போது ஏழைப் போட்டு ஒன்பதைக் காப்பாற்றலாம். முந்தைய பிடியில் 'எப்படியும் பூச்சியம்தானே' என்று அந்த ஏழைக் கழித்திருந்தால், இப்போது ஒன்பது மொட்டையாக நின்று ஜாக்கியின் காலடியில் விழும்: 20 போச்சு. அந்த ஏழுக்குப் புத்தகத்தில் பூச்சியம், வேலியாக நிற்கும் இடத்தில் 20. வேலிக்கதியால் தறிக்கிறவனிடம் போய் அதில் மாங்காய் காய்க்குமா என்று கேட்கிற மாதிரித்தான் இந்த ஆட்சேபம். அதோடு, ஒற்றை ஏழைக் கழித்துவிட்டால் அந்த இனம் கையில் அற்றுப்போகும். துரும்பு இருந்தால் அடுத்த தடவை வெட்டலாம். ஒரே ஏழு ஓரிடத்தில் வேலி, இன்னோரிடத்தில் பாதையை மறிக்கிற கல். எது என்று தெரியாமல் விரலை வைத்து எடுப்பது தயக்கமா? 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் பெருமையாகச் சொல்கிறவர்கள், ஏழும் எட்டும் திரண்டிருக்கிற கையைக் கண்டால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று சில்லறையை ஒதுக்குகிறவர்களும் கேள்வியின் கணக்கை, அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்கிறதன் கணக்கை, நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவன் 160 கேட்டுத் துரும்பு கவிழ்த்திருந்தால், அவனை விழுத்த எதிர்க்கட்சிக்கு 145 போதும். 145 வந்தால் அவனிடம் 159. ஒரேயொரு புள்ளியில் கவிழ்ந்த கேள்விகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசுகிற தோரணையில் தேர்தல்களைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. எதிரி பிடிக்கப் போகிற பிடியில் ராணியைக் கழித்தால் 2, ராசாவைக் கழித்தால் 3. கூட்டாளி பிடிக்கப் போகிற பிடியென்றால் ஆஸைக்கூட அள்ளிக் கொடுக்கலாம். ஆனால் கடைசியில் இருப்பவன் வெட்டிவிட்டால்? கொடுத்தது தானமா தண்டமா என்பது கடதாசி கையை விட்டுப் போன பிறகுதான் தெரியும்.

இதற்கு மேல் ஒரு மறைப்பும் இருக்கிறது. துரும்பு மூடியிருக்கும்வரை, இனம் இல்லாதவர் கடதாசியைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும். நாலு பேரும் போட்டு முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் அதன் மூலையைத் தூக்கிப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் மலர்த்துவார், வெட்டு வெளிப்படும். இல்லையென்றால் பழையபடி கவிழ்த்துவிடுவார். எண்ணும்போதுதான் அது உலகத்தைப் பார்க்கும். நம்மவர் இரண்டு நிமிடம் மனசாட்சியோடு மல்லுக்கட்டி எடுத்த தீர்ப்பு, இப்படி முகம் தெரியாமல் குப்புறக் கிடக்கிறது. அதைப் பார்க்கிற ஒரே ஆள் எதிரி. அவன் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றமோ ஆறுதலோ ஓடுவதை நம்மவர் ஓரக்கண்ணால் படிக்கிறார். தமிழில் துரும்பென்றால் ஊதினால் பறக்கிற அற்பம், உரப்பையில் துரும்பென்றால் சர்வாதிகாரம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அற்பத்தை அலட்சியம் செய்யாதவர் இவர் ஒருவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கழிப்பதைக் கணிதமாக்கிவிட்ட ஊர்களும் உண்டே என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்டு. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சேர் ஜோன் சக்ளிங் உருவாக்கியதாகச் சொல்லப்படும் கிரிபேஜ் என்ற ஆங்கிலேயர் விளையாட்டில், இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஆறு கடதாசி. அதில் இரண்டை ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்கிய நாலும் கடதாசி பிரித்தவனுக்குச் சொந்தம். மற்றவன் பாடுதான் வேடிக்கை: தன் கையிலிருந்து இரண்டை எடுத்து எதிரியின் பெட்டியில் தானே போட வேண்டும். ஆறில் இரண்டைத் தெரிய 15 வழி. 15 கூட்டினால் புள்ளி என்பதால் ஐந்தைப் போடவே கூடாது, ஏனென்றால் 52இல் 16 கடதாசிக்குப் பத்துப் பெறுமதி. சோடியாகவும் போடக்கூடாது, அடுத்தடுத்த எண்ணையும் போடக்கூடாது; ராசாவோடு ஒன்பது மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டைப் போடுவது நல்லது. இதற்கு அட்டவணைகள் இருக்கின்றன, பார்த்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் எதிரி மட்டும்தான் எதிரே இருப்பான். முந்நூற்று நாலில் எதிரே இருப்பவர் கூட்டாளி. எதிரி நம் பிழையைக் கண்டால் சந்தோசப்படுவான். கூட்டாளி கண்டால் அடுத்த சிறுபோகம்வரை சொல்லிக்காட்டுவார். அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் டேர்பனிலிருந்து வருகிறது. 1860இலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியரின் வழித்தோன்றல்கள் அங்கே துனி என்றொரு ஆட்டம் ஆடுகிறார்கள். அதே ஜாக்கிக்கு 30, அதே ஒன்பதுக்கு 20. ஏழும் எட்டும் மட்டும் இல்லை: 24 கடதாசிதான். கூட்டிப் பார்த்தால் மொத்தம் அதே 304. பார்த்தீர்களா, ஏழையும் எட்டையும் தூக்கி எறிந்தும் ஒரு புள்ளி குறையவில்லை என்பார்கள். உண்மை, ஒரு புள்ளியும் குறையவில்லை. வேலி குறைந்துவிட்டது, நம்மவரின் இடமும் போய்விட்டது. கேரளத்து இருபத்தெட்டு ஆட்டத்தில் ராசாவுக்கும் ராணிக்கும்கூடப் பூச்சியம் என்பதால் அங்கே அவருக்கு வேலை இரட்டிப்பு. ஜாக்கியும் ஒன்பதும் ராசாவை மிதிக்கிற இந்த விசித்திரக் குடும்பத்துக்கு ஒல்லாந்திலும் ஒரு கிளை உண்டு. கிளாவர்யாஸ் என்ற அங்குள்ள ஆட்டத்தில் துரும்பு ஜாக்கிக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுப்போனாலும் நம் வாயில் ஸ்கோப்பனையும் கிளாவரையும் விட்டுப்போயிருக்கிறார்கள். ஆங்கிலேயன் அவற்றை ஸ்பேட், கிளப் என்கிறான்; நாங்கள் இன்னும் ஒல்லாந்தர் கட்சி.

மனநூல் படித்த ஒருவர் வந்தால் வேறு மாதிரி விளக்குவார்: இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டு ஓடிய மனிதர், அதனால் ஒரு ஏழைக்கூட விட மனம் வராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2008இல் அடம்பன் பக்கத்துச் சனம் ஊரை விட்டுப் போனதும் பின்னர் திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் இதே மனிதர் ஸ்காபரோவில் நிலவறை வீட்டில் கம்பளி போர்த்துக்கொண்டும், கொழும்பில் விசிறிக்குக் கீழும் இதே 'பொறு'வைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன் நோய்தானா என்று பார்க்க வேண்டாமா?

வீட்டு ஆட்களின் முறைப்பாடு இதைவிட நியாயமானது. நெல்லை விற்கிறபோது இந்த யோசனை எங்கே போனது என்று கேட்கிறார்கள். லொறியோடு வந்த வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட ஒரு நிமிடம். ஏழைக் கழிக்க மூன்று நிமிடம். கேள்வி சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எப்போது திறபடும் என்பதைக் கூட்டம் தீர்மானிக்கும். உரம் வருகிற நாளை அரசாங்கம் தீர்மானிக்கும். நெல் முற்றத்தில் குவிந்து கிடக்க, வானம் இருண்டு, அறுவடை மெசின்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்போது விலையை வியாபாரி தீர்மானிப்பான். அந்த நேரத்தில் நம்மவரிடம் இருப்பது ஒரே இனம், அதைத்தான் போட வேண்டும். யோசித்து என்ன செய்ய? வருசம் முழுக்க இனத்துக்கு இனம் போட்டே களைத்த மனிதருக்கு, எதை விடுவது என்று தானே தீர்மானிக்கும் இடமாக அந்த உரப்பை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அங்கேயும் அவசரப்படுத்தினால் எப்படி?

அவருக்குப் பின்னால் குந்தியிருக்கிற ஆளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையைப் பார்க்க முடிந்தும் வாயைத் திறக்க முடியாத அந்தப் பிறவி, 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தே நாலு பேருக்கும் கையைச் சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு யோசித்தாலும் நம்மவர் சரியாகக் கழிப்பதில்லை. மூன்று நிமிடத்தின் முடிவில் முதல் தொட்ட கடதாசியையே பெரும்பாலும் போடுகிறார். இதை எதிரிகள் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். யோசனைக்கும் வெற்றிக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் எங்கே எழுதியிருக்கிறது? எதிர்க்கட்சி 160 கேட்டிருக்கிறது என்று வையுங்கள். இனமில்லாத ஒரு பிடியில் நம்மவர் கையில் கிளாவர் ராணியும், ஸ்கோப்பன் ஒன்பதும், அதற்கு வேலியாக ஏழும். முறைப்படி யோசித்து, வேலியைக் காத்து, ராணியைக் கவிழ்க்கிறார். ஆட்டம் முடிகிறது. எதிர்க்கட்சி எண்ணுகிறது: 158. கவிழ்ந்து கிடந்ததை மலர்த்துகிறார்கள், ராணி சிரிக்கிறாள், 160. கூட்டாளி தலையில் கை வைக்கிறார். "ஸ்கோப்பன் ஜாக்கி என்ரை கையிலையெல்லோ கிடந்தது அண்ணை! ஆருக்குப் பயந்து அந்த ஏழை வைச்சிருந்தனீங்கள்?" நம்மவர் சற்று யோசிக்கிறார். "அது உன்ரை கையிலையெண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்கிறார். அதற்குள் கடதாசி கலைத்தாயிற்று, வெட்டியாயிற்று, முதல் நாலும் வந்துவிட்டது. விரித்துப் பார்க்கிறார். ஒரு ஏழு. அதை எடுத்து, மற்ற மூன்றுக்கும் ஓரமாக, நசுங்காமல் செருகிக்கொள்கிறார்.