துப்பாக்கி மூலம்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்காதே என்று சொல்லி வைத்த பெரியவர்கள், மூன்றாவதாகப் பின்லாந்துத் துப்பாக்கி மூலத்தையும் சேர்த்திருக்கலாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போது பின்லாந்து என்று ஒரு தனி நாடே கிடையாது.

பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்கும் ஒருவர் கையில் எம் 28-30 ஒன்று சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குறி பார்த்துச் சுடுவதில் பெயர் வாங்கிய ரகம். குழலின் அடியில் பின்லாந்தின் சாக்கோ கம்பெனியின் பெயரும் 1934 என்ற வருஷமும் பளிச்சென்று பொறித்திருக்கின்றன. மனுஷருக்கு ஒரே பூரிப்பு. அசல் பின்லாந்துப் பிள்ளை, வயது தொண்ணூறு சொச்சம். அத்தோடு விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். விதி யாரை விட்டது? இரண்டு திருகாணிகளைக் கழற்றுகிறார். இரும்பைக் கட்டையிலிருந்து தூக்குகிறார். பின்பக்கம் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைத் திருப்பி, அதன் அடிவயிற்றைப் பார்க்கிறார்.

1896. பக்கத்திலேயே ரஷ்யாவின் துலா தொழிற்சாலை முத்திரையான குட்டிச் சுத்தியல்.

பிள்ளைக்குத் திடீரென்று முப்பத்தெட்டு வயது கூடிவிட்டது. தாய்நாடும் மாறிவிட்டது.

துப்பாக்கியில் ரிசீவர் என்று ஒரு பாகம் உண்டு. குழல் வந்து முறுக்கிக்கொள்வதும், போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதும் இந்த எஃகுக் கூட்டில்தான். உடம்பு என்றால் இதுதான் உடம்பு, மற்றதெல்லாம் கைகால். இந்த வகைத் துப்பாக்கியின் ரிசீவரைப் பின்லாந்து கடைசி வரை ஒன்றுகூடச் செய்ததில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியை லட்சக்கணக்கில் வைத்திருந்தது. எப்படி என்று கேட்டால், கதை ஜார் மன்னர் வீட்டுக்குப் போகிறது.

1891இல் ரஷ்யா ஒரு புதுத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பக்கம் ரஷ்ய ராணுவ அதிகாரி செர்கேய் மோசின், மறுபக்கம் பெல்ஜியத்துத் துப்பாக்கி உற்பத்தியாளர் லியோன் நாகான். ஜெயித்தது மோசினுடையதுதான். ஆனால் இடையில் நாகான் யோசனை ஒன்றிரண்டும் உள்ளே புகுந்துவிட, அவர் காப்புரிமைப் பஞ்சாயத்து வைத்து 2 லட்சம் ரூபிள் வாங்கிக்கொண்டு போனார். தோற்றாலும் இப்படித் தோற்க வேண்டும். யார் பெயரை வைப்பது என்று கோப்பு மேலே போனபோது மோசின் பெயர் வழியிலேயே விடுபட்டது; ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் 'ரஷ்ய' என்ற அடைமொழியும் வேண்டாம் என்று முடித்துவிட்டார். '1891 மாதிரி மூன்று கோட்டுத் துப்பாக்கி' ('கோடு' என்பது குழல் விட்டத்தைச் சொல்லும் பழைய ரஷ்ய அளவு), அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி அன்றே போட்டாயிற்று.

பெயர் வைத்தார்களே தவிர, செய்து முடிக்க உள்ளூரில் கை போதவில்லை. பிரான்சின் ஷாட்டெல்ரோ ஆலையில் 5 லட்சம் செய்யச் சொன்னார்கள். முதல் உலகப் போர் வந்ததும் அமெரிக்காவின் ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிகளுக்கு 30 லட்சத்துக்கும் மேல் ஆர்டர் போட்டார்கள். பாதியில் புரட்சி வந்து, பணம் தர வேண்டிய ஜாரே காணாமல் போனார். மிச்சச் சரக்கில் ஒரு பகுதியை அமெரிக்க அரசே வாங்கி, 1918இல் வடக்கு ரஷ்யாவுக்கு அனுப்பிய தன் சிப்பாய்கள் கையில் கொடுத்தது. ரஷ்யாவுக்காக அமெரிக்காவில் செய்த துப்பாக்கியால் அமெரிக்கர்கள் ரஷ்யாவில் ரஷ்யர்களையே சுட்டார்கள்.

பின்லாந்து அதுவரை ஜாரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. 1917 டிசம்பரில் விடுதலை அறிவித்தது. அடுத்த மாதமே உள்நாட்டுச் சண்டை. முகாம்களில் இருந்த ரஷ்யப் படைகளிடம் பிடுங்கிய துப்பாக்கிகள்தான் புது நாட்டின் சீதனம். போதாததற்கு, உலகப் போரில் ரஷ்யர்களிடம் பறித்தவற்றை ஐரோப்பாவில் யார் யார் மூலையில் போட்டு வைத்திருந்தார்களோ அவர்களிடமெல்லாம் போய் வாங்கினார்கள். அதனால்தான் சில ரிசீவர்களில் ஏ.இசட்.எஃப். என்று ஆஸ்திரிய ஆயுதசாலை முத்திரையும் இருக்கும். ரஷ்யாவில் பிறந்து, ஆஸ்திரியாவிடம் பிடிபட்டு, இத்தாலி வழியாகப் பின்லாந்து வந்து சேர்ந்த துப்பாக்கிக்கு ஜாதகம் எழுதச் சொன்னால் எந்த ஜோசியரும் தட்சணையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வந்து சேர்ந்ததும் வீட்டு வழக்கத்துக்கு மாற்றினார்கள். ரஷ்யக் குறிமானியில் தூரம் அர்ஷின் கணக்கில் இருந்தது. ஓர் அர்ஷின் சுமார் 71 சென்டிமீட்டர். நம் முழக் கணக்கு மாதிரிதான், ஆனால் பூக்காரி கை நீளத்தைப் பொறுத்து மாறாது. அதைத் தேய்த்து மீட்டராக்கினார்கள். தேய்ந்த குழலைக் கழற்றி எறிந்து புதுக் குழல் மாட்டினார்கள். இங்கேதான் வினை. ரஷ்யர்கள் ஆலையின் பெயரையும் வருஷத்தையும் பெரிதாகப் பொறித்தது குழலில். குழல் போனதும் அவை கூடவே போயின. மிஞ்சியது கட்டைக்குள் ஒளிந்திருக்கும் அந்த அடிவயிற்று எண் மட்டும்.

அந்த நாளில் பின்லாந்தில் ராணுவம் ஒன்று, 'சுயோயெலுஸ்குந்தா' என்ற ஊர்க்காவல் படை ஒன்று. இருவரும் ஒரே கொட்டகையின் பழைய இரும்பை வைத்துக்கொண்டு தனித்தனி அடுப்பு மூட்டினார்கள். ராணுவம் எம் 27 செய்தது. ஊர்க்காவல் படை, 'உங்களுடையதை நாங்கள் தொடுவோமா' என்று எம் 28 செய்தது. அதைத் திருத்தி எம் 28-30 ஆக்கியது. சாக்கோ இந்தப் படையின் சொந்தப் பட்டறைதான்.

ஓரகத்திச் சண்டையில் சமையல் ருசித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விசையை மென்மையாக்கினார்கள். சூட்டிலும் ஈரத்திலும் கட்டை குழலை நெருக்கிக் குறியைக் கெடுக்காமல் இருக்க நடுவில் ஓர் உலோக உறை கொடுத்தார்கள். ரவை சிக்கிக்கொள்ளாதபடி பெட்டியைத் திருத்தி, பெருமையாக ரிசீவரில் 'எச்.வி.' என்று குத்தினார்கள். ஃபின்னிஷ் மொழியில் 'சிக்கல் இல்லாதது' என்பதன் சுருக்கம். சேகரிப்பாளர் அதை யாரோ ஒரு கர்னலின் இனிஷியல் என்று நினைத்து ஒரு வாரம் தேடியிருப்பார்.

1937இல் ஹெல்சிங்கியில் உலகத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது ராணுவத் துப்பாக்கிப் பிரிவுக்கு இதையே கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போனால் அவர்கள் இலையில்தானே சாப்பிட வேண்டும்? இரண்டு வருஷம் கழித்து சோவியத் படை உள்ளே நுழைந்தபோது, சிமோ ஹாய்ஹா என்ற குள்ளமான விவசாயி பனியில் படுத்துக்கொண்டு, தொலைநோக்கி எதுவும் இல்லாமல் வெறும் இரும்புக் குறிமுள்ளை வைத்தே எதிரிக்குச் சிம்மசொப்பனமானார். கையில் எம் 28-30. ஜார் தன் கணக்கில் செய்ய வைத்த உடம்பு, ஜாரின் வாரிசுகளை நோக்கித் திரும்பியிருந்தது.

ராணுவமும் காவல் படையும் சமாதானமாகி எம் 39 என்று ஒன்றைப் பொதுவாகச் செய்தது போர் வாசலில் நிற்கும்போதுதான். அதற்குச் செல்லப் பெயர் 'உக்கோ-பெக்கா'. துப்பாக்கிப் பித்து பிடித்த முன்னாள் ஜனாதிபதி ஸ்வின்ஹுஃவுட்டின் பட்டப்பெயர் அது. அவர் குடும்பப் பெயருக்கு ஸ்வீடிஷ் மொழியில் பன்றித்தலை என்று அர்த்தம். நல்லவேளை, துப்பாக்கிக்குப் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1944இல் சோவியத்துடன் போர்நிறுத்தம். ஊர்க்காவல் படையைக் கலைத்தாக வேண்டும். அதன் சொத்து என்று சாக்கோவும் கைவிட்டுப் போகுமே? யாரோ ஒரு புத்திசாலி அதைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிவிட்டார். காயத்துக்குக் கட்டுப் போடும் சங்கத்துக்குத் துப்பாக்கி ஆலை! வரவும் செலவும் ஒரே கணக்கில்.

இதைவிட விசித்திரம் அமெரிக்காவில். அங்கே சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி. 1898 வரை செய்தது தொல்பொருள். ஆகவே 1942இல் புதுக் குழலும் புதுக் கட்டையும் மாட்டிய எம் 39, அடிவயிற்றில் 1896 என்று இருந்தால் சட்டத்தின் கண்ணில் தாத்தா காலத்து வெற்றிலைச் செல்லம் மாதிரி. 1899 என்று இருந்தால், ஆயுதம். சந்தையில் பழைய எண்ணுக்கு விலை கூடிப்போனதில் ஆச்சரியமில்லை.

பின்லாந்து ராணுவமோ இந்த நுணுக்கத்துக்கெல்லாம் மயங்கவில்லை. மறைந்திருந்து சுடுபவர்களுக்குப் புதுத் துப்பாக்கி வேண்டும் என்று 1980களில் யோசித்தபோது, பேசாமல் கிடங்கைத் திறந்து அதே ஜார் காலத்து ரிசீவர்களை எடுத்து, வால்மெட் செய்த தடித்த குழலை மாட்டி, 'டி.கே.ஐ.வி. 85' என்று பெயர் வைத்துவிட்டது.

நம் சேகரிப்பாளர் இரண்டு திருகாணிகளையும் திரும்ப முடுக்கிவிட்டார். குறிப்பேட்டில் 'பிறந்த ஊர்' என்ற இடத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே ரப்பரும் வைத்திருக்கிறார்.