முட்டைச் சுவரில் முட்டை அட்டை

ஏவி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் எங்கள் காரைக்குடியில் இருந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் எடுத்த ‘நாம் இருவர்’ 1947-ல் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியது. கீற்றுக் கொட்டகையில் அவர்கள் படமே எடுத்தார்கள், பர்மா தேக்கு போட்ட வீட்டில் நான் நாலு பாட்டுப் பதிய முடியாதா? இப்படிப் பேசித்தான் வீட்டம்மாவிடம் பணம் வாங்கினேன்.

விலை கூடினால் குரலும் கூடும் என்று நம்பி ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். கூடவே வந்த வயரைச் செல்போனில் செருகி, கண்ணை மூடி, ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று முடிவு செய்து சுக்குக் கஷாயம் குடித்தேன். இரண்டு நாள் குடித்தேன். மைக்செட் போடுகிற பங்காளி வீட்டுப் பையன் வந்து பார்த்துச் சிரித்தான். “சித்தப்பா, இதுக்கு 48 வோல்ட் குடுக்கணும். ஃபாண்டம் பவர்னு பேரு.” அதைக் கொடுக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி வேண்டுமாம். விலை மைக்கையே மிஞ்சியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பெட்டியும் வந்தது. குரலும் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கோயில் திருவிழா மேடையில் பார்த்த பழக்கத்தில், ஐஸ்கிரீம் தின்பதுபோல மைக்கின் உச்சந்தலையில் வாயை வைத்து ஒரு மாதம் பாடியிருக்கிறேன். இந்த வகை மைக்குக்குக் காது விலாவில் இருக்கிறது. கம்பெனி முத்திரை உள்ள பக்கம்தான் பெரும்பாலும் அதன் முகம். அட்டைப்பெட்டியில் படமே போட்டிருந்தது. நான் படித்தது விலையை மட்டும்.

முகம் பார்த்துப் பாடிய பிறகுதான் வீடு தன் வேலையைக் காட்டியது. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடிபோல் வழவழக்கிற சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் கூரை, நடுவில் திறந்த வளவு. ஒரு வரி பாடினால் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்து அடுத்த வரியின் மேல் உட்காருகிறது. கண்டென்சருக்கோ பாம்புச் செவி. அடுத்த கட்டு குக்கர் விசில், புறா, பெரியத்தாவின் இருமல், ரயில் கூவுவது எல்லாம் துல்லியமாக விழுந்தன. நான்தான் கொஞ்சம் மங்கல்.

முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகும் என்று யாரோ சொல்ல, கடைத்தெருவில் கெஞ்சி வாங்கி வந்து சுவரெல்லாம் ஒட்டினேன். செட்டிநாட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத்தான் மெருகு பூசியிருப்பார்கள். பெரியத்தா எட்டிப் பார்த்தார். “ஏண்டா, சுவத்துக்குள்ளதான் முட்டை இருக்கே, வெளிய வேற எதுக்குடா?” எதிரொலி இம்மியும் குறையவில்லை. காகித அட்டை சத்தத்தை உறிஞ்சாது. கனமும் தடிமனும் வேண்டும். பிய்த்தபோது நாலு இடத்தில் பூச்சு பெயர்ந்து வந்தது. பொதுச் சுவர். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். என் பாட்டைப் பற்றியும் அப்போதே பேசி முடித்துக்கொண்டார்கள்.

‘ஸ்ரீவள்ளி’ (1945) படத்தில் நாயகி ருக்மிணியின் பாட்டுகளை ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியார் பிறகு பி.ஏ. பெரியநாயகியின் குரலுக்கு மாற்றினார் அல்லவா, அந்த வழி எனக்கும் பொருந்தும் என்றாள் மனைவி.

கடைசியில் கைகொடுத்தது மைக்செட் பையன் கொடுத்த பழைய டைனமிக் மைக். இதற்கு 48 வோல்ட்டும் வேண்டாம், பாம்புச் செவியும் கிடையாது. நாலு விரற்கடைத் தூரத்தில் நின்று பாடினால் பாடுகிறவனைத்தான் முக்கியமாகக் கேட்கும். வளவை விட்டுவிட்டுச் சீர் மெத்தைகளும் தலையணைகளும் அடுக்கிய ஓரத்து அறைக்குள் போனேன். காதை மூடுகிற ஹெட்போன் மாட்டினேன். ‘ப’ வரும்போதெல்லாம் வெடித்தது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்ததும் அடங்கியது. செலவு சுழியம். முதன்முதலாக மைக் வாங்குகிறவர்கள் டைனமிக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்போது பதிவு சுத்தம். சுருதி விலகுகிற இடம்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

கண்டென்சர் மைக் புதுசு மாதிரியே பெட்டியில் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் அரை விலைக்குத் தருகிறேன். முட்டை அட்டை இனாம்.