வளர வளர வேற ஆள்

அனகாபுத்தூரில் அம்மோனைட் தேடாதீர்கள். பல்லாவரம் பக்கத்துப் பாறை சார்னோக்கைட். பூமியின் அடுப்பில் வெந்து வந்தது, அதில் ஒரு கிளிஞ்சல்கூட மிஞ்சாது. பெருங்களத்தூரில் திருச்சி பஸ் பிடித்து, பெரம்பலூரில் இறங்கி, காரை கிராமத்துக்குப் போங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். கணவாயின் தூரத்துச் சொந்தமான அம்மோனைட் அதில் ஓட்டோடு மிதந்துகொண்டிருந்தது.

பிறக்கும்போது ஓடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், வழுவழு உருண்டை. வளர்ந்தால் பழைய அறை பற்றாது. முன்னால் ஓட்டை நீட்டி நகர்ந்துகொண்டு, பின்னால் தடுப்புச் சுவர் எழுப்பும். முதலில் சாதா சுவர். வயது ஏற ஏற அதன் விளிம்பில் இலைக் கோலமாக அலங்காரம். நடுவயதில் ஓட்டின் மேல் வரிகள், முடிச்சுகள். பழையதை இடிக்கிற பழக்கமே இல்லாததால், ஓட்டைப் பிளந்தால் பால்யம் முழுதும் நடுவில் பத்திரமாக இருக்கிறது.

பாகுலைட்டீஸ் என்ற அம்மோனைட் வகை இன்னும் மோசம். குழந்தையில் ஒழுங்காக ஒரு சுருள். அப்புறம் என்ன கோபமோ, கடைசிவரை நேர்கோடு. ஸ்காபைட்டீஸ் சுருண்டு வளர்ந்து, வயசான காலத்தில் தூண்டில் முள்ளாக வளைந்து நிற்கும். இதையெல்லாம் பார்த்த சில அறிஞர்கள், வம்சமே அழியப்போகிற கிறுக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கிறுக்கர்களோ கோடிக்கணக்கான ஆண்டுகள் ஜோராக வாழ்ந்தார்கள்.

நம் பக்கத்து ஓடுகளுக்கு 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் பெயர் வைத்தார். கே, கன்லிஃப் என்ற இருவர் பொறுக்கி அனுப்பியவை. 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா தென்னிந்திய அம்மோனைட்டுகளுக்குத் தடித்த புத்தகமே போட்டார். பாவம், அந்தக் காலத்து ஆட்கள். உலகம் முழுக்க, சின்னது ஓர் இனம், பெரியது வேறு இனம் என்று ஒரே பிராணிக்குப் பல பெயர் விழுந்தது. 2021க்கு முந்தைய அனகாபுத்தூர் நகராட்சி ரசீதையும் இப்போதைய தாம்பரம் மாநகராட்சி ரசீதையும் வைத்துக்கொண்டு, இரண்டு வீடு என்று கணக்கெழுதுவது மாதிரி.

குடும்ப விவகாரம் ஆதாரத்தோடு வெளியே வரவே 1962 ஆகிவிட்டது. போலந்தின் மகோவ்ஸ்கியும், அடுத்த வருஷம் இங்கிலாந்தின் கல்லோமனும் தனித்தனியே சொன்னார்கள்: சின்னதும் பெரியதும் குழந்தையில் அச்சு அசல் ஒன்று, முதிர்ந்த பிறகுதான் ஒன்று குட்டை, ஒன்று பிரமாண்டம். குட்டை அனேகமாக ஆண். சிலதுக்கு வாயோரம் இரண்டு நீட்டல்கள், மாப்பிள்ளை மிடுக்கு. பெரியது பெண். அதுவரை தம்பதியை வேறு வேறு இனமாகப் பிரித்து வைத்திருந்திருக்கிறார்கள். சில ஜோடிகளுக்குப் பேரினப் பெயர்கூட இன்னும் ஒன்றாகவில்லை.